சத்தம் கேக்குது, பேச்சு புரியலைங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘காது கேட்கும் கருவி சிறப்பு முகாம்’ என்ற நோட்டீஸ் சேலத்தில் அவ்வப்போது நாளிதழுக்குள் மடித்து வருகிறது. பரிசோதனை இலவசம், மெஷின் பாதி விலை, அன்றைக்கே கையில். படித்தால் குறை சொல்ல எதுவும் தெரியாது. ஆனால் அப்படி வாங்கிய மெஷின்களில் பல, சில மாதங்களில் பீரோவுக்குள் நகைப்பெட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. காதைச் சோதித்து மெஷின் பொருத்தும் வேலையில் இருக்கிற நாங்கள் இந்தக் கடிதம் எழுதுவது அந்தப் பீரோ மெஷின்களுக்காகத்தான். அவற்றில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை இல்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டிய வேலைகள்தான் நடக்கவில்லை.

வயதானவர்கள் எங்களிடம் சொல்லும் முதல் வாக்கியம் அநேகமாக ஒன்றேதான்: “சத்தம் கேக்குதுங்க, என்ன பேசறாங்கன்னுதான் புரியல.” வீட்டார் சொல்வதும் ஒன்றேதான்: “அப்பாருக்கு வேணுங்கறது மட்டும் காதுல விழும்.” பெரியவர் சொல்வது பொய் இல்லை, வீட்டார் நினைப்பதுதான் தப்பு. உள்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் வாசல் பக்கம் உயர்ந்த சுருதிக்கு உரியது, உள் கோடி தாழ்ந்த சுருதிக்கு உரியது. வயதாலும் இரைச்சலாலும் முதலில் தேய்வது வாசல் பக்கத்துச் செல்கள். தேய்ந்தவை திரும்ப முளைப்பதில்லை.

இது பேச்சில் என்ன செய்கிறது என்று பார்க்க, ‘தட்டு, தப்பு, தத்து’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தும் கடைசி உகரமும் மூன்றுக்கும் பொது. வித்தியாசம் எல்லாம் நடுவில், கண் இமைக்கும் நேரம்கூட நீடிக்காத ஒரு சின்ன வெடிப்பிலும் அதை ஒட்டிய உயிரின் சாயலிலும்தான் இருக்கிறது. அந்த அடையாளம் பெரும்பாலும் 1500 முதல் 4000 ஹெர்ட்ஸ் (சுருதியை அளக்கும் அலகு) வரையிலான பகுதியில் இருக்கிறது. ‘ச’, ‘ஸ’ போன்ற சீறல்கள் அதற்கும் மேலே போகும். உயிரெழுத்துகளின் பலம் இதற்குக் கீழே. ஆகவே பெரியவருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், ‘தட்டு’ கேட்டார்களா ‘தப்பு’ என்றார்களா என்று தெரியாது. டீக்கடையில் கனத்த குரலில் பேசும் நண்பர் புரிந்து, வீட்டில் மெல்லிய குரலில் பேசும் மருமகளும் பேத்தியும் புரியாமல் போவதற்கு இதுவே காரணம். மருமகள் மீது வருத்தம் ஒன்றும் இல்லை.

கத்தினால் சரியாகும் என்று நினைப்பது அடுத்த தப்பு. கத்தும்போது உயிரெழுத்துதான் பெருகும், மெய் அப்படியே பின்தங்கும். வித்தியாசம் இன்னும் மங்கும். போதாக்குறைக்கு, தேய்ந்த காதுக்கு மெல்லிய ஒலிக்கும் தாங்க முடியாத ஒலிக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிவிடும். “மெதுவா பேசினா கேக்கல, சத்தமா பேசினா ஏன் கத்தறேன்னு கோவிச்சுக்கறாரு” என்று வீட்டில் சலித்துக்கொள்வார்களே, அது முரண்டு இல்லை, காதின் நிலைமை.

ஆகவே மெஷின் வேண்டுமா, எந்த மெஷின் என்பதற்கு முன்னால் பரிசோதனை ஒழுங்காக நடக்க வேண்டும். முதலில் காதுக்குள் பார்க்க வேண்டும். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே சிலருக்குக் காது திறந்துவிடும். பட்ஸ் விட்டுக் குடைவது குறும்பியை வெளியே கொண்டுவருவதில்லை, செவிப்பறைப் பக்கம் தள்ளி இறுக்குகிறது. எண்ணெயைக் காய்ச்சி ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போய்ச் சீழில் முடியலாம்.

அடுத்தது ஆடியோகிராம். சத்தம் புகாத அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் கேட்கிற மிக மெல்லிய ஒலியைக் குறிப்பார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. காதின் பின் எலும்பில் வைத்து எடுக்கும் அளவும் சேர்ந்தால்தான் கோளாறு நடுக்காதிலா உள்காதிலா என்று பிரியும். நடுக்காதுக் கோளாறு பலவற்றுக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ உண்டு. அப்படிப்பட்டவர் தலையில் முதலிலேயே மெஷினைக் கட்டுவது அநியாயம். இவற்றோடு வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லும் பேச்சுப் பரிசோதனையும் வேண்டும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரமாவது ஆகும்.

மின்விசிறி ஓடுகிற, ரோட்டு ஹாரன் நுழைகிற மண்டபத்தில் பத்து நிமிடத்தில் எடுக்கும் ஆடியோகிராம் எப்படிக் கெடுக்கிறது தெரியுமா? விசிறியும் வண்டியும் போடுவது தாழ்ந்த சுருதி இரைச்சல். அதில் 250, 500 ஹெர்ட்ஸ் ஒலிகள் மூழ்கிப்போகும். தாளில் அங்கே இல்லாத குறை ஒன்று பதிவாகும். அதை வைத்து மெஷினை அமைத்தால் தாழ்ந்த ஒலியையும் ஏற்றிக் கொடுக்கும். பிறகு பெரியவர் ரோட்டில் இறங்கியதும் பேச்சுக்குப் பதில் ‘ஓ’வென்ற இரைச்சல்தான். நாலு நாள் பார்ப்பார், கழற்றி வைப்பார். பீரோவின் கதை பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆடியோகிராம் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம்.

பரிசோதனைக்கூடத்துக்குக்கூட வராமல் நேராக இ.என்.டி. டாக்டரிடம் ஓட வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஒரு காது ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளுக்குள்ளோ திடீரென்று மங்கினால் அது அவசரம். காதில் வண்டு ரீங்காரம், தலைசுற்றல் சேர்ந்து வரலாம். “ஏற்காட்டுக் குளிர் காத்து அடிச்சிருச்சு, ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்று காத்திருப்பதில்தான் காது போகிறது. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். மாதம் கடந்து வருகிறவருக்குச் செய்ய அதிகம் இருக்காது. சீழ், வலி, ஒரு காதில் மட்டும் குறை என்றாலும் டாக்டர்தான் முதலில். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான பிரிவு இருக்கிறது.

மெஷின் பொருத்துவதில் பார்க்க வேண்டியது காது அச்சு, அதாவது அவரவர் காதுத் துளைக்கு அளவெடுத்துச் செய்து, மெஷினின் குழாயோடு சேர்த்துக் காதுக்குள் வைக்கும் பகுதி. காதுக்குள் நூல் கட்டிய பஞ்சை இரண்டாவது வளைவு தாண்டி வைத்து, அதன்மேல் சிலிக்கான் பசையை ஏற்றி, சுமார் ஐந்து நிமிடம் விட்டு எடுப்பார்கள். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் காதுக் குழாயின் வடிவம் மாறும். அதனால் அதிகக் குறை உள்ளவர்களுக்கு வாயைத் திறந்து வைத்தபடி அச்சு எடுப்பதும் உண்டு. அச்சு தளர்ந்தால் வெளியே கசிந்த ஒலி மறுபடி மைக்கில் ஏறி ‘கீய்’ என்று விசில் அடிக்கும். சாப்பிடும்போது மட்டும் விசில் அடிக்கிறதென்றால் அச்சைச் சந்தேகியுங்கள். சிலருக்கு அச்சு இறுக்கமாக இருந்தால் தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். அச்சில் விடும் காற்றுத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பெரும்பாலும் தீரும். இதைக் கேட்காமலே “எனக்கு மெஷின் ஒத்துக்கல” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து, ஆடியோகிராமைப் போட்டதும் அது ஒரு சராசரிக் காதுக்கான அளவைக் கொடுக்கும். உங்கள் காது சராசரிக் காது இல்லை. காதுக் குழாயின் நீள அகலத்தைப் பொறுத்து உள்ளே போய்ச் சேரும் ஒலி மாறும். உயர்ந்த சுருதியில், அதாவது அந்த ‘தட்டு, தப்பு’ இடத்தில், குறைவது வழக்கம். ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செவிப்பறைக்கு அருகில் வைத்து, மெஷின் போட்ட நிலையில் உள்ளே எவ்வளவு ஒலி சேருகிறது என்று அளந்து திருத்துவதே சரியான முறை. அதிகம் போனால் கால் மணி வேலை. “காதுக்குள்ள குழாய் வச்சு அளந்தீங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பொருத்துகிறவர் யார் என்று தெரிந்துவிடும். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணையும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

மெஷின் போட்ட முதல் நாள் வீட்டில் இத்தனை சத்தமா என்று இருக்கும். விசிறி, செருப்பு, பாத்திரம், பேப்பர் புரட்டுவது எல்லாம் காதை அறையும். பல வருடம் கேட்காமலிருந்த ஒலிகள் அவை. எது முக்கியம், எது தள்ளுபடி என்று மூளை மறுபடி பழக வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவரோடு ஒருவர் பேசும்போது ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம். பிறகு டிவி, நாலு பேர் பேச்சு. கடைவீதியும் பழைய பஸ் ஸ்டாண்டும் கடைசியில். முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் அன்றிரவே வெறுத்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை திரும்பிப் போய், எங்கே எந்தச் சத்தம் தொந்தரவு செய்தது என்று சொல்லி மாற்றியே ஆக வேண்டும். முகாம்களில் விட்டுப்போவது இந்த இரண்டாவது சந்திப்புதான்.

பராமரிப்பில் எங்களூர் விஷயங்கள் சில உண்டு, எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் இவை இருக்காது. முதலாவது தேங்காய் எண்ணெய். தலையில் தேய்த்துப் படியச் சீவிய முடி, காதின் பின்னால் உட்கார்ந்திருக்கும் மெஷினின் மைக் துளையை மெல்ல மெல்ல மூடிவிடும். மைக் துளை மிளகில் பாதிகூட இருக்காது. எண்ணெயும் முகப் பவுடரும் சேர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து மாதிரி பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தேய்த்து அரை மணியாவது கழித்து, காதைச் சுற்றித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இரண்டாவது, ஏற்காடு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போகும்போது இரண்டு காரியம் நடக்கும். காற்றழுத்தம் குறைவதால் காது அடைக்கும். எச்சில் விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் திறக்கும், சளி பிடித்திருந்தால் அவ்வளவு சுலபமாகத் திறக்காது. மெஷின்மேல் பழி போடாதீர்கள். மற்றது பனிமூட்டம். காதுச் சூட்டில் இருக்கும் ஈரக் காற்று, குளிர்ந்த பிளாஸ்டிக் குழாயில் பட்டுத் துளியாகத் திரளும். குழாயின் உள்விட்டம் 2 மில்லிமீட்டருக்கும் கம்மி, ஒரே ஒரு துளி நின்றால் போதும், ஒலி முழுக்க நின்றுவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முத்துப்போல் தெரியும். மெஷினிலிருந்து அச்சையும் குழாயையும் கழற்றி, சின்ன ரப்பர் பல்பால் ஊதி வெளியேற்ற வேண்டும். வாயால் ஊதினால் ஈரம்தான் கூடும். இரவு பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். நீலமாக இருக்கும் மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றவோ காய வைக்கவோ நேரம் வந்துவிட்டது. அரிசிக்குள் புதைத்து வைக்காதீர்கள், மாவுத் தூள் துளைகளுக்குள் போகும். மலையில் இன்னொரு வேடிக்கை: மங்கி குல்லாவும் மப்ளரும் மெஷினை மூடியதும் விசில் அடிக்கும், மைக்கும் மூடிப்போகும். குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றி விடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

பேட்டரி ஜிங்க்–ஏர் வகை. ஸ்டிக்கரின் நிறத்தைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்: 10 நம்பருக்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் மின்சாரம் உண்டாக ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். உடனே மூடினால் சக்தி முழுதாக வராது. மறுபடி ஒட்டி வைத்துச் சேமிக்கலாம் என்பதும் நடக்காது. காலையில் மாட்டும் முன் மெஷினை உள்ளங்கையில் வைத்துக் கையைக் குவியுங்கள், விசில் அடித்தால் உயிர் இருக்கிறது. அடிக்காவிட்டால் பேட்டரி, குறும்பி அடைப்பு, குழாய் ஈரம், இந்த வரிசையில் பாருங்கள். ரிப்பேருக்கு வருகிறவற்றில் கணிசமானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான். பழைய குழாய் மஞ்சளாகி விறைத்துவிடும், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சின்ன விலைதான். பேட்டரியைக் குழந்தைக்கும் மெஷினை நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். குழந்தை விழுங்கினால் ஆபத்து, விசில் கேட்டு நாய் கடிப்பது நிஜமாகவே நடக்கிற ஒன்று.

இத்தனையும் செய்த பிறகும் பேச்சு பாதி எதிராளி கையில் இருக்கிறது. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு). திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் அவ்வளவு குறையாது, அதற்குப் பதில் டைல்ஸ் தரையும் சுவரும் எதிரொலித்து மெய்யெழுத்தைக் குழப்பும். சமையல்கட்டிலிருந்து மிக்ஸி ஓட ஓட “மாமா, மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டால் மெஷின் மிக்ஸியையும் சேர்த்துத்தான் கொடுக்கும். மிக்ஸியை நிறுத்திவிட்டு, ஹாலுக்கு வந்து, முதலில் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்ததும் கேளுங்கள். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், உதடும் பாதி சொல்லும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டு. புரியாவிட்டால் அதையே மூன்று முறை சொல்லாமல் வார்த்தையை மாற்றுங்கள்: ‘பத்து’ விழவில்லையென்றால் ‘பத்து ரூபா நோட்டு’. சொல்லின் அக்கம்பக்கம்தான் காதுக்குக் கைகொடுக்கும்.

தட்டுவடை செட் கடையில் நின்று மென்றுகொண்டே பேச்சுக் கேட்பது நல்ல காதுக்கே சிரமம். நொறுங்கும் சத்தம் தாடை எலும்பு வழியாக நேராகக் காதுக்குப் போகிறது, காதுக் குழாயை அச்சு அடைத்திருந்தால் அது இரட்டிப்பாகக் கேட்கும். வாயில் இருப்பது முடியட்டும், அப்புறம் பேசுங்கள். ஓட்டலில் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து, பேசுகிறவர் முன்னால் இருக்கும்படி உட்காருங்கள். மண்டபத்தில் மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் முதுகைக் காட்டுங்கள். பல மெஷின்கள் முன்னால் வரும் ஒலிக்கு முன்னுரிமை தரும்படி அமைக்கக்கூடியவை. போன் பேசும்போது எல்லோரும் பழக்கத்தில் காதுத் துளையில்தான் வைக்கிறார்கள். காதின் பின்னால் மாட்டும் மெஷினுக்குக் காது அதுவல்ல, மைக் மேலே இருக்கிறது. போனின் ஸ்பீக்கரைக் கொஞ்சம் மேலே தூக்கி மைக் அருகே வையுங்கள். இதைச் சொல்லிக் கொடுத்த ஒரு நிமிடத்தில் பலர் வெளியூர் மகனோடு மறுபடி பேசத் தொடங்குகிறார்கள்.

தறிக்கூடத்தில் இருக்கும் இளவயதினருக்கும் ஒரு வார்த்தை. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது காதுக்கு எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். விசைத்தறிக் கூடத்தில் 90ஐத் தாண்டுவது சாதாரணம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது தடுப்பதாகத் தோன்றும், தடுப்பது மிகக் குறைவு. நுரைப் பிளக்கை விரலால் ஒல்லியாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைக்காததற்குச் சமம்.

உதவி தேடுவோருக்கு: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 டெசிபல் குறை இருந்தால்தான் கேட்கும் திறன் குறைந்தவர் என்ற வரையறைக்குள் வருவார். அப்படிப்பட்டவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். 40, 50 டெசிபல் குறை உள்ள பெரியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆனால் வீட்டுப் பேச்சில் பாதியை இழந்து நிற்பவர் அவரேதான், முகாம் நோட்டீஸ் குறி வைப்பதும் அவரைத்தான்.

முகாம் நடத்துகிறவர்கள் நடத்தட்டும். நோட்டீஸில் விலையும் தள்ளுபடியும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று வரி சேர்த்து அச்சிட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை: சோதிப்பவரின் பதிவு எண், சோதனை சத்தம் புகாத அறையில் நடக்குமா, மெஷின் வாங்கியவர் மூன்றாவது வாரம் எந்த முகவரிக்கு வர வேண்டும். மூன்றாவது வரி இல்லாத நோட்டீஸ் வந்தால், வாசகர்கள் அதிலுள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டு அதை மட்டுமாவது கேட்டுவிட்டுப் பிறகு பஸ் ஏறட்டும்.

இப்படிக்கு,
செவித்திறன் பரிசோதகர்கள் சிலர்,
சேலம்.